ஸ்டெப்னி கட்டிய சைக்கிள்

மோகனூரிலிருந்து சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் ஸ்கூட்டிக்கு மாறிவிட்டார்கள். அந்தச் சிலரிலும் கேரியரில் ஸ்டெப்னி கட்டிக்கொண்டு போகிறவள் அங்கம்மாள் ஒருத்திதான். ஒரு சைக்கிள் டயரை முறுக்கி மடித்து, நைலான் கயிற்றால் இறுக்கி, அதன்மேல் ஒரு காக்கிப் பையும் ஏற்றியிருக்கும். முன்கூடையில் சாப்பாட்டுப் பாத்திரம். ஹேண்டில்பாரில் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"ஏனுங்க அங்கம்மாக்கா, லோடு டெல்லிக்குங்களா, கல்கத்தாவுக்குங்களா?"

"உங்க ஊட்டுக்குத்தான், வழிய உடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மிதித்துக்கொண்டு போய்விடுவாள். சொல்லும்போது சிரிப்பாள். திரும்பியதும் காது சிவந்துவிடும். அவளுக்கும் வெட்கம் உண்டுதானே. ஆனால் கட்டிவிட்டது புருஷன். அவிழ்த்துப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

புருஷன் ரங்கன் இருபது வருஷத்துக்கு மேல் லைன் வண்டி, அதாவது வெளிமாநிலம் போகிற லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் நாக்பூர், இந்தூர், ஜெய்ப்பூர் என்று போய் இறக்கிவிட்டு, மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்குவார். ஒரு மழைநாளில், ஆயிரம் தடவை இறங்கிய அதே கேபின் படியில் வழுக்கி விழுந்தார். இடது காலுக்குள் கம்பி வைத்தார்கள். கிளட்ச் மிதிக்க வேண்டிய கால் அது. நடக்கலாம், சாய்ந்து சாய்ந்து கொஞ்ச தூரம். வண்டி ஓட்ட முடியாது.

அதற்கப்புறம் அந்த மனுஷன் தெருமுனையைத் தாண்டவில்லை. காரணம் வலி என்று சொல்லிக்கொண்டார். உண்மை அது இல்லை என்று அங்கம்மாளுக்குத் தெரியும். நடக்க முடியாதவன் எங்கேயாவது போக வேண்டுமானால் யாருடைய வண்டியிலாவது பின்னால் உட்கார வேண்டும். அத்தனை உயரத்தில் உட்கார்ந்து ஊரையே கீழே பார்த்தவர், இன்னொருத்தன் முதுகைப் பார்த்துக்கொண்டு போக மாட்டேன் என்று பிடிவாதம். மகள் நர்மதாவைச் சேலத்தில் கல்லூரியில் சேர்க்கப் போனபோதுகூட அவர் போகவில்லை. மச்சான் பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் அங்கம்மாளை ஏற்றிக்கொண்டு போனான்.

அங்கம்மாளுக்கு வேலை கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். வாய்க்கால் ரோட்டில் போனால் வரும் நடுப்புதூரில் அங்கன்வாடி உதவியாளர். காலையில் கதவைத் திறந்து, கூட்டி, தண்ணீர் பிடித்து, சமைத்து, ஊட்டி, மூக்கைத் துடைத்து, தூங்க வைக்க வேண்டும். பிள்ளைகள் "ஆயாம்மா" என்பார்கள். அவளைப் பார்த்ததும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் ஒரு கூட்டம். கல்யாணமான நாளிலிருந்து சமையல், துணி, லோடு போன புருஷனுக்குக் காத்திருத்தல் என்று இருந்தவளுக்கு, தன்னைத் தேடி இத்தனை பேர் வாசலில் நிற்பார்கள் என்பதே புதுசு. அந்த வேலை அவளுக்கு உயிர்.

பஸ் அந்த ரோட்டில் நேரத்துக்கு வராது. நர்மதா பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் வாங்கிய சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. காவிரிக்கரை மணலோரம் விழுந்து, எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, லீவுக்கு வந்த மகள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வர, அங்கம்மாள் கற்றுக்கொண்டாள்.

ரங்கன் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"இங்க பாரு அம்மிணி. நீ ஒரே ஒரு நாள் வண்டி நின்னுபோயி நடுரோட்டுல தனியா நின்னேன்னு தெரிஞ்சாலும், அன்னைக்கோட வேலைய உட்டுரோணும்."

"ஏனுங்க, பஞ்சர் ஆவறதெல்லாம் ஒரு—"

"நடுரோட்டுல நிக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். காட்டுக்குள்ள ஆக்சில் ஒடிஞ்சு ரெண்டு நாள் நின்னவன் நான். போற வார வண்டியெல்லாம் நம்மளப் பாக்கற பார்வையே வேற. அப்பவும் என்கூட மாரி இருந்தான். நீ ஒத்தையில போறே."

மாரி என்பது அவருடைய கிளீனர். இப்போது அவனே சொந்தமாக லைனில் வண்டி ஓட்டுகிறான். அங்கம்மாள் புருஷன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். சத்தியம் செய்தபோது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வேலை பிடித்துப்போன பிறகுதான் அந்தச் சத்தியம் கனக்க ஆரம்பித்தது.

வண்டி நிற்கவே கூடாது என்று முடிவான பிறகு ரங்கனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. வேறு எந்த வேலையும் இல்லாத மனுஷன் ஒரே வேலையைச் செய்ய ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? விடிந்ததும் சைக்கிளை வாசலில் நிறுத்தி, லாரி டயரைத் தட்டிப் பார்ப்பதைப் போல ஒரு இரும்பு லிவரால் இரண்டு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். "முன்னாடி சித்த காத்து கம்மி" என்று தீர்ப்பு வரும். பம்ப் அடிப்பது அங்கம்மாள்தான். அமாவாசைக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதற்கப்புறம் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்.

"டியூப்பு ஒண்ணு. பேட்ச்சு. சொலூஷன். உப்புத்தாளு. லிவர் ரெண்டு. ஸ்பேனர். வால்டியூப். பிரேக் ஒயரு. கைப்பம்பு. கைத்துணி. டார்ச்சு. கடலமுட்டாயி."

"கடலமுட்டாயி எதுக்குங்க?"

"நின்னா பசிக்குமில்ல."

சைக்கிள் கடைக்காரர் போனில் எதை எதைச் சொன்னாரோ அதையெல்லாம் வாங்கிவரச் சொல்லி அடைத்திருந்தார். அங்கம்மாளுக்கும் தினமும் கேட்டுக் கேட்டுப் பாராயணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பாட்டு மாதிரி வரிசையாகச் சொல்லிவிடுவாள். ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பை ரோட்டில் திறக்கப்பட்டதே இல்லை. அவளுக்கு முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம்.

பொங்கல் முடிந்த வாரம். அங்கன்வாடிப் பணியாளர் சித்ராவுக்கு அன்று நாமக்கல்லில் கூட்டம். "அக்கா, நாளைக்கு நீங்கதான் திறக்கோணும். சாவி பத்திரம்" என்று முந்தின நாளே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நடுப்புதூர்ப் பெண்கள் கரும்பு வெட்டுக்கும் களை எடுக்கவும் போகிறவர்கள். வேனோ டிராக்டரோ வந்து நின்றால் பிள்ளையை அங்கன்வாடி வாசலில் விட்டுவிட்டு ஏறிக்கொள்வார்கள். அங்கன்வாடிக்கு எதிரிலேயே வாய்க்கால். கதவு திறக்காவிட்டால் பிள்ளைகள் அந்தக் கரையில்தான் விளையாடும். அதனால் அன்று அங்கம்மாள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினாள். சாவி முந்தானை முடிச்சில் இருந்தது.

கோரைக்காடு தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால் தாண்டி, மதகுக்குப் பக்கத்தில் போகும்போது பின்சக்கரம் 'உஸ்' என்றது. யாரோ வேலி அடைக்க முள் வெட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். சிந்தியது ரோட்டில் கிடந்தது. இறங்கிப் பார்த்தாள். டயர் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது.

முதலில் அவளுக்கு நினைவுக்கு வந்தது சத்தியம்தான். அதை மூக்கை உறிஞ்சி விரட்டிவிட்டு, 'எல்லாம் பையில இருக்குது, ஒட்டிப் போட்டா அவருக்கு எங்க தெரியப்போவுது' என்று தைரியம் சொல்லிக்கொண்டாள். ஸ்டெப்னியை இறக்கினாள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கைத்துணியை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினாள். டியூப்பு, பேட்ச்சு, சொலூஷன், உப்புத்தாளு. ஒன்றுகூடக் குறையவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எதை முதலில் எடுப்பது? அவளுக்கு எல்லாவற்றுக்கும் பேர் தெரியும். எதையும் என்ன செய்வதென்று தெரியாது.

லிவரை டயருக்குள் நுழைத்து நெம்பினாள். அது வழுக்கி விரலில் பட்டது. மறுபடி நெம்பினாள். நகம் ஒடிந்தது. டயர் சிரிக்காத குறை. ஒரு கரும்பு டிராக்டர் போனது. ஓட்டினவன் பாட்டுச் சத்தத்தில் அவளைக் கவனிக்கவே இல்லை. தள்ளிக்கொண்டே போய்விடலாமா என்று பார்த்தாள். காற்றில்லாத சக்கரத்தோடு, அத்தனை சுமையோடு, நடுப்புதூர் போய்ச் சேர்வதற்குள் வேன் வந்து போயிருக்கும். வாய்க்காலைப் பார்த்தாள். தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று போனை எடுத்தாள்.

"ஏனுங்க… வண்டி பஞ்சருங்க."

"எங்க?"

"மதகுகிட்டங்க."

"பயப்படாத. வண்டிய ஓரங்கட்டு. உருளாம சக்கரத்துக்கு அண்டக் கல்லு வெச்சியா?"

"சைக்கிளுக்குங்களா?"

"சரி உடு. பையில எல்லாம் இருக்குதில்ல, கழட்டி ஒட்டச் சொல்லு."

"யாரைங்க சொல்றது?"

பதிலுக்குக் காத்திராமல் அங்கம்மாளே சொன்னாள்: "நீங்க சொல்லுங்க, நான் பண்றேன். மொதல்ல என்னங்க பண்ணோணும்?"

"மொதல்ல…" என்றார் ரங்கன். தொண்டையைச் செருமினார். "மொதல்ல வந்து, டயரை… அம்மிணி, அதெல்லாம் மாரிதான் பண்ணுவான்."

"நீங்க?"

"நான் டிரைவரு."

அந்த அவதியிலும் அங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷம் எத்தனை டயர் மாற்றியிருப்பார்கள்! ஒன்றில்கூட இந்த மனுஷன் கை வைத்ததில்லை. டயர் மாற்றுகிற நேரத்தில் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு "ஆச்சாடா?" என்று கேட்டிருப்பார், அவ்வளவுதான். லாரி உலகத்தில் அது தப்பும் இல்லை. ஓட்டுகிறவர் ஓட்டுவார், ஒட்டுகிறவன் ஒட்டுவான். வண்டி என்றால் இரண்டு பேர் என்று அவர் புத்தியில் ஊறிப்போயிருந்தது. அதனால்தான் தினமும் அத்தனை சாமானையும் அடுக்கியவருக்கு, இதையெல்லாம் யார் செய்வது என்ற ஒரு கேள்வி மட்டும் தோன்றவே இல்லை.

அவள் சிரித்தது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சித்த இரு. வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வருகிறாராம். எதில் வருவார்? தெருமுனை வரை வந்து திரும்பிப் போவார் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று போனில் பேர் தேடிக்கொண்டிருக்கும்போது, கொடிக்கால் திருப்பத்தில் பால்காரர் சின்னண்ணனின் டிவிஎஸ் தெரிந்தது. இரண்டு பக்கமும் பால் கேன். நடுவில், பின்சீட்டில், கம்பி வைத்த காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, கேனை ஒரு கையால் கட்டிப்பிடித்தபடி ரங்கன்.

அங்கம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் கல்லூரிக்குப் போனபோது ஏறாத மனுஷன், கோவில் தேருக்கு ஏறாத மனுஷன், சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு பால் கேனுக்கு நடுவே உட்கார்ந்து வருகிறார். சின்னண்ணன் வாயைத் திறக்காமல் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும்.

ரங்கன் இறங்கி, சாய்ந்து நின்று, கவிழ்ந்து கிடந்த சைக்கிளைப் பார்த்தார். கைத்துணியில் அடுக்கியிருந்த சாமானைப் பார்த்தார். அவளுடைய ஒடிந்த நகத்தைப் பார்த்தார்.

"நீ கெளம்பு. சின்னண்ணன் கொண்டுபோயி உட்ருவாரு. புள்ளைங்க வந்துரும்."

"நீங்க?"

"வண்டிகிட்ட ஆளு வேண்டாமா? போட்டுட்டுப் போறதா?"

"கால வெச்சுக்கிட்டு எப்படிங்க…"

"போ அம்மிணி. நேரமாவுது."

அவள் ஏறிக்கொண்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் நீட்டிய காலோடு மெதுவாகத் தரையில் உட்காருவது தெரிந்தது. அப்புறம் கரும்புக்காடு மறைத்துவிட்டது.

அங்கன்வாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வேன் வந்து நின்றிருந்தது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பூட்டிய கதவைக் கையால் அடித்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்கால் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தது. அங்கம்மாள் ஓடிப்போய் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "எங்க போற சாமி நீயி?" என்று அதன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அன்றைக்கு அவளுக்குக் கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். சத்துமாவு பிசைந்தாள், பாதியில் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சாம்பாருக்குக் காய் நறுக்கினாள், மறுபடியும் போட்டாள். அவசரத்தில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார் என்று ஒரு நினைப்பு. கால் வழுக்கி வாய்க்காலில் விழுந்திருப்பாரோ என்று இன்னொரு நினைப்பு. அவர் சொன்னது சரிதான். நடுரோட்டில் ஒருத்தர் தனியாக நிற்கிறார் என்று தெரிந்தால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்கே தெரிந்தது. அவர் லைனுக்குப் போன காலத்தில் இப்படி எத்தனை நாள் இருந்திருக்கிறாள், மறந்தா போய்விட்டாள்? அந்த நிபந்தனையின் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துபோயிற்று.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, முட்டை உரித்து வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

ரங்கன் நின்றுகொண்டிருந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்து, சைக்கிள்மேலேயே சாய்ந்து, அதையே ஊன்றுகோலாக்கி நடந்து வந்திருக்கிறார். வேட்டி முழுக்கச் சேறு. கை முழங்கை வரை கறுப்பு. கட்டைவிரலில் கைத்துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். பின்சக்கரம் கல் மாதிரி இருந்தது. கேரியரில் ஸ்டெப்னி, காக்கிப் பை எல்லாம் முறையாகக் கட்டப்பட்டிருந்தன.

"ஒட்டிட்டீங்களா!"

"பின்ன?" என்றார். ஆனால் பெருமையை அடக்க முடியவில்லை, முகமெல்லாம் பல். "மூணு பேட்ச்சு."

"மூணு முள்ளுங்களா?"

"முள்ளு ஒண்ணுதான். ஒண்ணு நானு லிவர்ல குத்திட்டேன். அப்பறம் ஒட்டிக் காத்தடிச்சா மறுக்காவும் போவுது. ஏன்டா போவுதுன்னு பாத்தா, டயருக்குள்ள அந்த முள்ளு அப்படியே நிக்குது. அத எடுக்கோணும்னு எவனுக்குத் தெரியும்? உள்ள கைய உட்டுத் தடவுனேன், கட்ட வெரல்ல ஏறிருச்சு." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "மாரிப் பயல எத்தன நாளு 'இந்நேரமாடா'ன்னு வெரட்டியிருக்கேன். நாளைக்கு அவனுக்கு ஒரு போனப் போடோணும்."

பிள்ளைகள் முட்டையோடு ஓடிவந்து அவரைச் சுற்றிக்கொண்டன. "ஆயாம்மா, இது யாரு?" என்று ஒன்று கேட்டது. அங்கம்மாள் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். கறுப்பு போகவில்லை. புளி வைத்துத் தேய்த்தாள். அவரை உள்ளே உட்காரவைத்துச் சோறு போட்டாள். வெகுநாள் கழித்து வேறொரு கூரையின் கீழ் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் கதவைப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். அவளால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க. நான் நடுரோட்டுல நின்னுட்டேனுங்க. உங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனேன். சாவிய சித்ராகிட்டக் குடுத்தரட்டுங்களா?"

ரங்கன் ஸ்டெப்னிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்க நின்னே?"

"மதகுகிட்டத்தானுங்க."

"டயரு மாத்தறக்கு ஓரங்கட்டறது நிக்கறதுல சேராது. லைன்ல யாரைவேணாக் கேட்டுப் பாரு." அவிழ்த்த ஸ்டெப்னியைத் தோளில் மாட்டிக்கொண்டார். காக்கிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அதுவுமில்லாம நீ தனியாவா நின்னே? கூட ஆளு இருந்துச்சில்ல."

அங்கம்மாள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் அவர் கேரியரில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்துவிட்டார், நீட்டிய காலை வெளியே வைத்துக்கொண்டு. அவள் சீட்டைப் பிடித்தபடி தயங்கினாள்.

"ஊருக்குள்ள இப்படியேவா போறதுங்க? டீக்கடையில எல்லாம் ஒக்காந்திருப்பாங்க. டிரைவரு பின்னால ஒக்காந்து வாராருன்னு…"

"டிரைவரு நீ" என்றார் ரங்கன். "நான் மாரி."

முன்னாலும் பின்னாலும் எட்டிப் பார்த்தார். கரும்பு டிராக்டர் ஒன்று கடந்து போகும்வரை கையை நீட்டி அவளை நிறுத்திவைத்தார். அப்புறம் கட்டுப்போட்ட கையால் சைக்கிள் சீட்டின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு, போலாம்!"

அங்கம்மாள் பெடலை அழுத்தினாள். வண்டி கனத்தது. கிளம்பியது.